டீச்சர் வேலையை விட்டு ஊராட்சித் தலைவரானேன்: யாரும் போட்டுக் காட்டாத கணக்கு

அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர்கள் சிலர் அவ்வப்போது எனக்கு போன் செய்வார்கள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "வேலையை விட்டுட்டு நின்னீங்களே, எவ்வளவு செலவாச்சு?" போஸ்டர், ஆட்டோ வாடகை, கூட வருகிறவர்களுக்குச் சாப்பாடு, இந்தக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே சின்னக் கணக்கு. வேலையை விட்டதற்கு என்ன ஆச்சு, ஜெயித்த பிறகு கையை விட்டு என்ன போச்சு என்று யாரும் கேட்பதில்லை. 2016-இல் எனக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் எங்கள் பக்கம் கிடையாது, வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்ற டீச்சர் எனக்கு முன்னால் அங்கே ஒருவரும் இல்லை. அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்குக் கிழக்கே. 1988-இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன், பிறகு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. அரசியல் ஆசையெல்லாம் இல்லை. பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வராது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் முடிகிற வேலை, அதற்காக மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனது. கிராம சபையில் எழுந்து கேட்டபோது, "டீச்சர், நீங்க கவர்மெண்டு ஆளு, ஊர் விஷயத்துல நீங்க பேசப்படாது" என்று ஒருவர் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பேசுகிற இடத்துக்கே போய்விட்டால் என்ன என்று அப்போது தோன்றியது. 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று சட்டம் திருத்தினார்கள், எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்குப் பொது என்று வந்தது. எனக்கு அப்போது 50 வயது. வீட்டுக்காரர் விவசாயம். மகன் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான்.

முதலில் சட்டம். அரசு ஊழியர் நடத்தை விதிகள்படி பணியில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது, பிரசாரமும் செய்ய முடியாது. வார்டு உறுப்பினர் பதவிக்குக்கூட இது பொருந்தும், சின்னப் பதவிதானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியே வர இரண்டு வழி உண்டு, ராஜினாமா, விருப்ப ஓய்வு. வெளியில் இருப்பவர்கள் இரண்டையும் ஒன்று போலப் பேசுவார்கள். ஒரு அலுவலகத்தில் எனக்கே அப்படித்தான் யோசனை சொன்னார்கள்: "ராஜினாமா லெட்டர் குடுங்க டீச்சர், சீக்கிரம் முடிஞ்சிரும்." ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சர்வீஸ் முழுவதும் ஓய்வூதியக் கணக்கில் இல்லாமல் போய்விடும். 28 வருடம் போயே போச்சு என்று அர்த்தம். விருப்ப ஓய்வு என்றால் 50 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது 20 வருடத் தகுதியான சர்வீஸ் இருக்க வேண்டும், மூன்று மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது மெதுவாகத்தான் நகரும், ஆனால் பென்ஷன் நிற்கும். அந்த யோசனையைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், தன் மேசையிலிருந்து ஃபைல் சீக்கிரம் போனால் போதும் என்று இருந்திருப்பார். நான் இரவு உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் படித்ததால் பிழைத்தேன். உங்கள் வேலை பற்றிய முடிவில் அடுத்தவர் வாய்ச்சொல்லை வைத்து ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த மூன்று மாத நோட்டீஸில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. தேர்தல் அறிவிப்புக்கும் மனுத்தாக்கல் முடிவதற்கும் இடையே ஒன்றிரண்டு வாரம்கூட முழுதாக இருக்காது. அறிவிப்பு வந்த பிறகு நோட்டீஸ் கொடுத்தால் நேரத்துக்கு வெளியே வர முடியாது. அப்படியென்றால் தேர்தல் வருமா என்று தெரிவதற்கு முன்பே வேலையை விட வேண்டும். 2011-இல் வந்த உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2016 அக்டோபர் 24-ஓடு முடிகிறது, ஆகவே அதற்குள் தேர்தல் நடந்தே தீரும் என்று கணக்குப் போட்டு, பள்ளி திறந்த ஜூன் மாதமே நோட்டீஸ் கொடுத்தேன். செப்டம்பரில் விடுவிப்பு ஆணை கைக்கு வந்தது. கடைசி நாள் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த நாளே வேட்பாளர் வேலையைத் தொடங்கியாச்சு.

செப்டம்பர் கடைசியில் அறிவிப்பு வந்தது, அக்டோபர் 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு. அக்டோபர் 3 மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். நானும் மனுக் கொடுத்தேன். மறுநாள், அக்டோபர் 4 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் மொத்தத் தேர்தல் அறிவிக்கையையும் ரத்து செய்துவிட்டது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டை ஒழுங்காகச் செய்யவில்லை என்ற வழக்கில் வந்த தீர்ப்பு. டிவியில் ஓடிய எழுத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வயலுக்குப் போய்விட்டார். டிசம்பர் 31-க்குள் தேர்தலை நடத்தச் சொல்லி நீதிமன்றம் சொல்லியிருந்ததால், சரி, இரண்டு மூன்று மாதம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். டிசம்பர் போனது. 2017 போனது, 2018-உம் போனது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத ஊராட்சிகளைப் பார்த்துக்கொள்ள அரசு போட்ட தனி அலுவலர்களின் பதவிக் காலத்தை ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே போனார்கள். வார்டு மறுவரையறை என்று வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் எங்கள் ஊராட்சியின் ஒதுக்கீடே மாறிப்போனால் நான் நிற்கவே முடியாது. பேப்பரில் "உள்ளாட்சி" என்ற எழுத்தைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

பணம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். வேலையில் இருந்தபோது மாதம் 55,000-க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தேன். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெற்றது போக மாதம் கைக்கு 22,000 சொச்சம். அதுவும் உடனே வரவில்லை. என் பணிப்பதிவேட்டில் பழைய ஊதிய உயர்வு ஒன்றுக்குத் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபணை, இருந்திருக்கிறது, அது தீர்கிற வரைக்கும் பென்ஷன் ஃபைல் நகரவில்லை. அந்த மாதங்களில் மகனின் காலேஜ் ஃபீஸுக்கு என் ஆரத்தையும் வளையலையும் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தோம். தேர்தலுக்குக் காத்திருந்த காலத்தில் மட்டும் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் உள்ள வித்தியாசம் 12, 13 லட்சம் வரும். வேடிக்கையைக் கேளுங்கள், ஓய்வு பெறும் வயதை 2020-இல் 59 ஆக்கினார்கள், 2021-இல் 60 ஆக்கினார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் பலர் இரண்டு வருடம் கூடுதலாக முழுச் சம்பளம் வாங்கினார்கள். அதை நான் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை, புலம்பினால் "உன்னை யாரு விடச் சொன்னது" என்பார்கள். ஆகவே நோட்டீஸ் கொடுப்பதற்கு ஆறு மாதம் முன்னாலேயே உங்கள் பணிப்பதிவேட்டை, அதாவது எஸ்.ஆர். புத்தகத்தைக் கேட்டு வாங்கி முதல் பக்கத்திலிருந்து பாருங்கள். விடுப்புப் பதிவு, ஊதிய நிர்ணயம், தணிக்கைத் தடை எல்லாம் தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பென்ஷன் வரும் வரைக்கும் ஒரு வருடக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள், தேர்தல் பணத்தோடு அதைச் சேர்க்காதீர்கள்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கம் தென்னை, பலா, தேக்கு என்று எதையும் விட்டு வைக்கவில்லை, கரண்ட் கம்பம் வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, தொட்டி நிறையாது. ஊராட்சியில் தலைவர் இல்லை, வார்டு மெம்பர் இல்லை, தனி அலுவலருக்கோ ஏகப்பட்ட ஊராட்சிகள். சனம் யாரிடம் போய் நிற்கும்? "டீச்சர் வீட்டுக்குப் போங்க, எழுதிக் குடுப்பாங்க" என்று எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி கோடு போட்டு, தெருவாரியாக விழுந்த மரம், இடிந்த வீடு, செத்த ஆடு மாடு எல்லாம் எழுதினேன். எங்கள் தெருப் பையன்கள் வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்து வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து வந்தார்கள், கேட்ட இடத்திலெல்லாம் வாடகையை ஏற்றி வைத்திருந்தார்கள். தொட்டிக்குத் தண்ணீர் ஏறியதும் குழாயடியில் குடத்தோடு நின்ற ஓர் அப்பத்தா, "ஓட்டே போடாம நீ தலைவராயிட்ட போ" என்றது. அந்த நாட்களில் ஊரில் எந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை, எவர் பேச்சை எவர் கேட்பார் என்று தெரிந்துகொண்டதுதான் எனக்கு உண்மையான பிரசாரம். நிற்க நினைப்பவர்கள் வேலையில் இருக்கும்போதே இதைச் செய்யலாம். மனு எழுதிக் கொடுக்கவும் முதியோர் உதவித் தொகைக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கவும் எந்த விதியும் குறுக்கே நிற்காது.

கடைசியில் 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. அதற்கும் உச்ச நீதிமன்றம் வரை போய், புதிதாகப் பிரித்த மாவட்டங்கள் சம்பந்தப்பட்ட ஒன்பதை விட்டுவிட்டு 27 மாவட்டங்களில் மட்டும் நடத்தினார்கள், நல்லவேளை புதுக்கோட்டை உள்ளே இருந்தது. ஒதுக்கீடும் பெண்கள் பொதுவாகவே இருந்தது. மனுத்தாக்கல் தொடங்குவதற்கு முன்னாலேயே ஊர்க் கூட்டம் போட்டார்கள். போட்டியில்லாமல் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று பேச்சு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பெரியவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "கோயில் திருப்பணிக்கு அவுக ஆறு லட்சம் தர்றதாச் சொல்லியிருக்காக, மாப்பிள்ளை, நீங்க எவ்வளவு?" என்றார். பதவி ஏலம் என்று பேப்பரில் வருமே, அது எங்கள் ஊரில் இப்படி மரியாதையான குரலில்தான் நடந்தது. தேர்தல் ஆணையம் இது குற்றம் என்று அப்போதே எச்சரித்திருந்தது. வீட்டுக்காரர் வாய் திறக்குமுன் நானே, "மாமா, ஓட்டுப் பெட்டியில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த வருடம் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுத் தலைக்கட்டு வரியை வாங்க மறுத்தார்கள். பணம் போனதைவிட அது வலித்தது. மாமியார் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த மாதிரி ஒதுக்கி வைப்பது நடக்கலாம் என்று வீட்டில் உள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அவர்களுக்குத்தான் அடி பலமாக விழும்.

மனு விஷயத்தில் சில நடைமுறை. 2019 தேர்தலில் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ஊராட்சிக்குப் பாக்கி இல்லை என்று ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் இதை வைத்துத்தான் எதிராளி ஆட்சேபணை செய்வார். நானும் விடுவிப்பு ஆணை, ஓய்வூதிய ஆணை இரண்டின் நகலையும் இணைத்தேன், "இன்னும் சம்பளம் வாங்குகிறார்" என்று ஒருவர் பரிசீலனையில் கிளப்பினார், தாளைக் காட்டியதும் அடங்கினார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. மனு வாபஸ் டிசம்பர் 19-இல் முடிந்த பிறகுதான் சின்னமே கிடைக்கும், வாக்குப்பதிவு 27, 30. அந்தக் கொஞ்ச நாளில் வயதானவர்கள் மனதில் சின்னத்தைப் பதிய வைக்க வேண்டும். எனக்குப் பூட்டு சாவி. வாக்காளர் கையில் நாலு நிறத்தில் நாலு சீட்டு வரும், தலைவருக்கு இளஞ்சிவப்பு. நான் அட்டையில் நிறத் தாளை ஒட்டி எடுத்துக்கொண்டு போய், ஒன்றாம் வகுப்புக்கு நடத்துவதைப் போலவே திண்ணை திண்ணையாக நடத்தினேன். அந்தத் தேர்தலில் தலைவர் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். எதிர்த்தரப்பில் என்ன செலவழித்தார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன் நேராகவே வந்து சொன்னான்: "டீச்சர், அவுக குடுத்தத வாங்கிக்கிட்டேன், ஆனா ஓட்டு ஒங்களுக்குத்தான்." திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தேர்தல் முடிந்ததும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள், தோற்றவர்களும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்ற எரிச்சலில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை எங்களுக்கு நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. நூறுக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தேன். மாலை போட்டார்கள், வெடி போட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அது ஜனவரி 11 அன்று. இடைப்பட்ட நாட்களில் வார்டு உறுப்பினர்களில் பெரும்பாலானவர்களை எதிர்த்தரப்பு வேனில் ஏற்றிக் கொடைக்கானல் கூட்டிப் போய்விட்டது. நேராக வாக்களிக்கும் அன்றுதான் திரும்பினார்கள், ஒருவர் கழுத்தில் புது மஃப்ளர். என்னை எதிர்த்து நின்றவர் குடும்பத்து ஆளே துணைத் தலைவர் ஆனார். இதில் என்ன இருக்கிறது என்று வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது: ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டாவது கையெழுத்து இல்லையென்றால் உங்கள் பதவி வெறும் பெயர்ப் பலகைதான். தலைவருக்கு நிற்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு வார்டிலும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களில் பாதிப் பேருக்கு மேல் உங்களோடு ஒத்துப்போகிறவர்களாக இருக்க வேண்டும். தன் ஓட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஜெயித்த பிறகும் தோற்றவர்தான்.

அந்தக் கோடையில் பெரிய போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது. தீர்மானம் போட்டாச்சு, செக்கும் எழுதியாச்சு. ஊராட்சிச் செயலர் செக் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு துணைத் தலைவர் வீட்டுக்கு நடையாக நடந்தார். "அண்ணன் தோப்புல இருக்காக", "அண்ணன் அறந்தாங்கி போயிருக்காக", அடுத்த நாள் "அண்ணன் தூங்குறாக". மூன்று தெருவுக்குத் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலி, காயில் கட்டும் செலவு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாயை என் கைக்காசில் கொடுத்தேன். அதைத் திரும்ப எடுக்க அடுத்த பொங்கல் ஆகிவிட்டது. தெரு விளக்கு, குளோரின், ஜே.சி.பி. என்று இப்படிப் போனது பல உண்டு, சிலது திரும்பவே வரவில்லை. மதிப்பூதியமோ டீச் செலவுக்குக் காணாது. பின்னாட்களில் மத்திய அரசின் நிதிக்குழு மானியத்துக்கு ஆன்லைன் பணப்பட்டுவாடா வந்து, கையெழுத்துக்குப் பதிலாக டாங்கிள் வந்தது, கம்ப்யூட்டரில் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போடும் சின்னக் கருவி. சண்டை மட்டும் மாறவில்லை, துணைத் தலைவர் தன் டாங்கிளைப் பூட்டி வைத்துக்கொண்டார். இதற்கு நான் கண்ட வழி எழுத்துதான். ஒவ்வொரு முறையும் கையெழுத்துக் கேட்டு எழுத்துப்பூர்வமாக அனுப்பினேன், நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் போட்டேன், ஒப்புகை அட்டைகளைக் கோப்பில் கட்டி வைத்தேன். என்மீதே ஒருநாள் புகார் போனது, ஊராட்சிகள் சட்டம் 205-ஆவது பிரிவில் தலைவரையே நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு, அதைக் காட்டி மிரட்டினார்கள். விசாரணைக்கு வந்தவர் முன்னால் அந்தக் கோப்பை வைத்தேன். தாள் தாளாகப் புரட்டிவிட்டு, "நீங்க டீச்சரா இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். புகார் அத்தோடு நின்றது.

கொரோனா காலத்தைப் பற்றி எழுதினால் அது தனிக் கதை. பிளீச்சிங் பவுடர், கபசுரக் குடிநீர், வெளியூரிலிருந்து வந்தவர்கள் வீட்டுக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர், எல்லாம் ஊராட்சித் தலையில்தான் விழுந்தது. எனக்கு அதில் மனசு விட்டுப்போனது கிராம சபையில்தான். 2020 அக்டோபர் 2 கூட்டத்துக்கு வரவு செலவை வீட்டுக்கு வீடு நோட்டீஸாகவே அச்சடித்து வைத்திருந்தேன், முதல் நாள் ரத்து என்று செய்தி வந்தது. நோட்டீஸை மட்டும் வீடு வீடாகக் கொடுத்தோம். இன்னொன்றும் முன்கூட்டித் தெரிந்திருந்தால் நல்லது: பதினைந்தாவது நிதிக்குழுப் பணத்தில் 2021-22 முதல் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. வாக்குக் கேட்கும்போது "சமுதாயக் கூடம் கட்டித் தர்றேன்" என்று வாய் விட்டுவிட்டால் அதற்கு அந்தப் பணத்தைத் தொட முடியாது. வாக்குறுதி கொடுக்கும் முன்னால் எந்தத் தலைப்பில் எவ்வளவு வரும் என்று பழைய ஆண்டுக் கணக்கைப் பாருங்கள், கிராம சபையில் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும்.

பெண்கள் நிற்பதாக இருந்தால் ஒன்று. ஒன்றிய அலுவலகத்தில் முதல் கூட்டத்துக்குப் போனபோது, "சார் வரலையா?" என்று கேட்டார்கள். யாரைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. பக்கத்தில் சில தலைவர்களுக்கு அவர்கள் கணவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பதவிக் காலம் முழுவதும் அந்த வாசலை மிதிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை என்பதைவிட அவருக்கு மாடு கன்றைவிட்டு வர நேரமில்லை என்பதுதான் நிஜம்.

2025 ஜனவரி 5-ஓடு பதவிக் காலம் முடிந்தது, மறுபடி தனி அலுவலர். பொறுப்பு ஒப்படைக்கும்போது பதிவேடு, ரசீதுப் புத்தகம், சாவி, டாங்கிள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்குங்கள், தணிக்கை வருடக் கணக்கில் தள்ளி வரும், அப்போது கேட்டால் பதில் சொல்ல அந்தத் தாள்தான் இருக்கும். நகையை மீட்டாச்சு. பள்ளிக் கழிப்பறைக்குக் குழாய் பதவியேற்ற முதல் வருடமே போய்விட்டது. மறுபடி நிற்பீர்களா என்று கேட்கிறார்கள், ஒதுக்கீடு என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் பதில் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு டீச்சர் பேசினார், சேர்ந்து பத்துப் பதினைந்து வருடம் இருக்கும், அடுத்த தேர்தலில் நிற்க ஆசை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர் என்றால் சி.பி.எஸ். என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர், என் மாதிரிப் பழைய பென்ஷன் கிடையாது. விருப்ப ஓய்வுக்கு 20 வருடமும் ஆகவில்லை, 50 வயதும் ஆகவில்லை. அவருக்கு இருக்கிற ஒரே வழி ராஜினாமா. வீட்டில் வேறு நிலையான சம்பளம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். அப்படியானால் இந்தத் தடவை நிற்க வேண்டாம், கிராம சபைக்கு மட்டும் தவறாமல் போய் தீர்மானப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருங்கள் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வேறு யாரிடமாவது கேட்பார் என்று நினைக்கிறேன்.